'சும்மா விசாரணைக்கு'ன்னு கூட்டிட்டுப் போய் உள்ள வச்சுட்டாங்களா? நஷ்டஈடு கேக்குறது எப்படி

எஃப்.ஐ.ஆர்ல எப்பவும் இப்படித்தான் இருக்கும்: "இன்று காலை 6.30 மணிக்கு பேருந்து நிலையம் அருகே ரோந்து சென்றபோது சந்தேகத்திற்கிடமாக நின்றிருந்த நபர் போலீசாரைக் கண்டதும் ஓட முயன்றார், அவரைத் துரத்திப் பிடித்து விசாரித்ததில்..." ஆனா அந்த நபரோட அம்மா முந்தாநாள் ராத்திரியிலேர்ந்து ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில சாப்பாட்டுத் தூக்கோட உக்காந்திருப்பாங்க. அவங்க உக்காந்த நேரத்துக்கும் பேப்பர்ல எழுதின நேரத்துக்கும் நடுவுல காணாமப் போன மணிநேரம் இருக்கு பாருங்க, அதுதான் உங்க கேஸ். சட்டம், செக்‌ஷன் எல்லாம் வக்கீல் பாத்துக்குவார், அந்த மணிநேரத்த நிரூபிக்க வேண்டியது மட்டும் நீங்கதான்.

நான் வக்கீல் இல்ல. ஒரு கோர்ட்டுக்கு எதிர்த்தாப்ல ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன், பதினாறு வருஷமா அடுத்தவங்க மனுவ அடிச்சு அடிச்சு கொஞ்சம் தெரியும், ஆனா நெஜமா கத்துக்கிட்டது 2023ல எங்க சித்தப்பா பையனுக்காக அலைஞ்சப்பதான். ஒரு குடோன்ல கணக்கு எழுதிட்டிருந்தான், அங்க பணம் குறையுதுன்னு முதலாளி வாய்வார்த்தையா சொல்ல, ஞாயித்துக்கிழமை ராத்திரி மஃப்டில ரெண்டு பேர் வந்து பைக்ல ஏத்திட்டுப் போனாங்க, செவ்வாய்க்கிழமை பகல் விட்டாங்க, கேஸே போடல. "கேஸ் போடலல்ல, அப்புறம் என்ன, கும்பிட்டுட்டு போங்க"ன்னுதான் சொந்தக்காரங்க பூரா சொன்னாங்க. கேஸ் போடாம வச்சதுதான் பெரிய தப்புன்னு யாருக்கும் தோணல.

முதல்ல எது சட்டவிரோதம்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா பிடிச்சதெல்லாம் சட்டவிரோதம் கிடையாது. 2024 ஜூலை 1லேர்ந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி போயி புதுசா பி.என்.எஸ்.எஸ் வந்துருச்சு, நம்பர் மாறிருச்சே தவிர விஷயம் பெரும்பாலும் அதேதான். கைது பண்ணினா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும் (பிரயாண நேரம் கணக்குல வராது), இது செக்‌ஷன் 58, அரசியலமைப்புல ஆர்ட்டிகிள் 22லயே இருக்கு. எதுக்குக் கைதுன்னு சொல்லணும், செக்‌ஷன் 47. இத எழுத்துலயே, அவருக்குப் புரியுற மொழியிலயே கொடுக்கணும்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதனால இங்கிலீஷ்ல ஒரு பேப்பர நீட்டி கையெழுத்து வாங்கிட்டா கதை முடியாது. வீட்டுக்காரங்க இல்ல ஃப்ரெண்ட் யாருக்காவது தகவல் சொல்லணும், செக்‌ஷன் 48. 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கிற கேஸ்னா எடுத்தவுடனே தூக்கக்கூடாது, முதல்ல விசாரணைக்கு வரச்சொல்லி 35(3) நோட்டீஸ், கைது பண்ணியே ஆகணும்னா ஏன்னு காரணம் எழுதணும். பொம்பளைங்கள சூரியன் மறைஞ்சதுக்கப்புறம் கைது பண்றது தவிர்க்க முடியாத சூழ்நிலையில மட்டும்தான், அதுவும் பெண் போலீஸ் இருக்கணும், மாஜிஸ்திரேட் முன் அனுமதி வேணும். 60 வயசு தாண்டினவங்க, உடம்பு முடியாதவங்கன்னா, 3 வருஷத்துக்கும் கீழ தண்டனை இருக்கிற கேஸுக்கு டி.எஸ்.பி அனுமதி இல்லாம தொடக்கூடாது.

இதுல நம்ம ஊர்ல அதிகமா நடக்கறது எதுன்னா கைதுன்னே சொல்லாம உக்கார வைக்கிறதுதான். "அய்யா வர்றாரு, வெயிட் பண்ணு"ன்னு பெஞ்ச்ல உக்கார வச்சு, போன வாங்கி டேபிள்ல வச்சுட்டு, ராத்திரி அங்கயே படுக்க வச்சுருவாங்க. கேட்டா கைதே பண்ணல, விசாரணைக்குத்தான் வந்தாரும்பாங்க. எழுந்து வெளிய போக விடலன்னா அது காவல்தான், பேப்பர்ல எந்த நேரம் போட்டாலும் 24 மணி நேரக் கணக்கு நெஜமா பிடிச்ச நேரத்துலேர்ந்துதான்.

ஒண்ணு மட்டும் தனியா வச்சுக்கோங்க, குண்டாஸ். 1982ஆம் வருஷ 14ஆம் சட்டம், அது தடுப்புக்காவல் (தப்பு பண்ணிடுவார்னு முன்கூட்டியே உள்ள வைக்கிறது), அதுக்கு 24 மணி நேர ரூல் வராது, ஆணைய எதிர்த்து அறிவுரைக் கழகத்துக்கும் ஹைகோர்ட்டுக்கும் போற வழி வேற. போராட்டத்துல பிடிச்சு கல்யாண மண்டபத்துல வச்சு சாயந்திரம் விடறதும் (பழைய 151, இப்ப 170) வேற, அதுலயும் 24 மணி நேரம் தாண்டக்கூடாது.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், முதல் ராத்திரி. வீட்டுக்காரங்க பண்ண வேண்டியது.

எங்க ஊர்ல பெருசுங்க இன்னும் "உடனே தந்தி அடி"ன்னுதான் சொல்லுவாங்க. அதுல அர்த்தம் இருக்கு, அந்தக் காலத்துல ஆளப் பிடிச்சிட்டுப் போன ராத்திரியே சீஃப் ஜஸ்டிஸுக்கும் முதலமைச்சருக்கும் தந்தி அடிச்சிருவாங்க, தந்தி ஆபீஸ் ரசீதுல நேரம் இருக்கும், போலீஸ் மறுநாள் காலையிலதான் பிடிச்சோம்னு சொன்னா அந்த ரசீதே அவங்க வாயடைச்சிரும். 2013 ஜூலையில தந்திய நிறுத்திட்டாங்க. ஆனா ரசீதோட வேல மாறல, அதே வேலைய இப்ப வேற பொருள் செய்யணும். முதல்ல 112க்கு போன் போட்டு "இந்த ஸ்டேஷன்ல என் பையன வச்சிருக்காங்க, எதுக்குன்னு சொல்ல மாட்றாங்க"ன்னு சொல்லுங்க, அவங்க வந்து காப்பாத்துவாங்கன்னு இல்ல, கால் பதிவாகும் அதுக்காக. அடுத்து எஸ்.பி ஆபீஸுக்கு (சிட்டின்னா கமிஷனர்) ஈமெயில், நாலு வரி போதும், யாரு, எப்ப, யார் கூட்டிட்டுப் போனாங்க, எந்த ஸ்டேஷன். அதே மெயில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு காப்பி. விடிஞ்சதும் அதே விஷயத்த ஸ்பீட் போஸ்ட்ல. வக்கீல் பிடிக்க வசதி இல்லன்னா 15100, சட்டப்பணிகள் ஆணைக்குழு ஹெல்ப்லைன், காவல்ல இருக்கிற ஆளுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, பொம்பளைங்களுக்கும் எஸ்.சி, எஸ்.டி ஆளுங்களுக்கும் எப்பவுமே உண்டு.

ஸ்டேஷன் வாசல்ல கத்தாதீங்க, அது உங்க மேலயே "பணி செய்ய விடாமல் தடுத்ததா" ஒரு கேஸா மாறும். அமைதியா உக்காந்து ஒரு நோட்டுல நேரம் எழுதுங்க. எத்தன மணிக்கு யார் உள்ள போனாங்க, எந்த ஏட்டு என்ன சொன்னார், ஜீப் நம்பர், எஸ்.ஐ நெஞ்சுல இருக்கிற பேர்.

எங்க சித்தி நோட்டெல்லாம் எழுதல. ஆனா ஒண்ணு நடந்தது. ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு இட்லிக் கடை, பையனுக்கு நாலு வேளையும் அங்கதான் பார்சல் வாங்கிக் குடுத்திருக்காங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி, திங்கள் காலையில, திங்கள் ராத்திரி, செவ்வாய் காலையில. கையில காசில்லாததால எல்லாம் ஜிபே. பின்னாடி ஸ்டேஷன் தரப்புல என்ன சொன்னாங்கன்னா "13ஆம் தேதி மாலை விசாரணைக்கு வந்து அன்றே அனுப்பி வைக்கப்பட்டார்". 12ஆம் தேதி ராத்திரி 10.26க்கும் 14ஆம் தேதி காலை 7.52க்கும் அந்தக் கடைக்குப் போன 46 ரூபா, 40 ரூபாய எங்க வக்கீல் ஸ்டேட்மென்ட் பிரிண்ட் எடுத்து வச்சார், பஸ்ல ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊர்க்காரம்மா எதுக்கு விடியக்காலையில அந்தக் கடையில இட்லி வாங்குறாங்கன்னு கேட்டார். அது மட்டுமே போதுமான சாட்சி இல்லதான், ஆனா 112 கால் ரெகார்டும் சித்தியோட வாக்குமூலமும் அதோட சேந்ததும் கணக்கு நின்னுருச்சு. அதனால சொல்றேன், அந்த ரெண்டு நாள்ல உங்க போன்ல இருக்கிற எதையும் அழிக்காதீங்க, ஜிபே, கூகுள் மேப் டைம்லைன், ஆட்டோ புக்கிங், "என்னாச்சு மச்சான்"னு வந்த வாட்ஸாப் எல்லாமே நேரம் சொல்லும். பிடிச்சுட்டுப் போனது உங்க கார்லன்னா ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்ட எடுங்க, டோல்கேட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

24 மணி நேரம் தாண்டியும் ஆள் எங்கன்னே தெரியலன்னா ஆட்கொணர்வு மனு, ஹேபியஸ் கார்பஸ், சென்னை ஹைகோர்ட்ல இல்ல மதுரைக் கிளையில. இதுல ஒரு நெளிவு இருக்கு. மனு போட்டது தெரிஞ்சதுமே ஆள விட்டுருவாங்க இல்ல அவசர அவசரமா ரிமாண்ட் பண்ணிருவாங்க, அப்புறம் கோர்ட்ல "ஆள் வந்துட்டார்"னு சொல்லி மனு முடிஞ்சிரும். அப்படி முடிக்கும்போது நஷ்டஈட்டுக்குத் தனியா வர்ற உரிமைய ஆர்டர்ல எழுதச் சொல்லி கேக்கச் சொல்லுங்க உங்க வக்கீல, அந்த ஒரு வரி பின்னாடி ரொம்ப உதவும்.

மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தினாங்கன்னா அங்க வாயத் திறக்கணும். இது ரொம்பக் கஷ்டம்னு தெரியும், கூட்டிட்டு வந்த போலீஸ் பக்கத்துலயே நிப்பார், "அடிச்சாங்கன்னு சொன்னா திரும்ப கஸ்டடி எடுப்போம்"னு வழியிலேயே சொல்லிருப்பாங்க. ஆனா "அய்யா, என்னை இன்னிக்குக் காலையில பிடிக்கல, முந்தாநாள் ராத்திரியே பிடிச்சிட்டாங்க"ன்னு ஒரு வாட்டி சொன்னா அது ரெக்கார்டுல ஏறும், நீங்க வாயே திறக்கலன்னா பின்னாடி ஒவ்வொருத்தரும் "அன்னிக்கு ஏன் சொல்லல"ன்னுதான் கேப்பாங்க. ரிமாண்டுக்கு முன்னாடி ஜி.எச் கூட்டிட்டுப் போவாங்கல்ல, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. ஜெயில் வாசல்ல உள்ள எடுக்கும்போது உடம்புல காயம் இருக்கான்னு பாத்து எழுதுவாங்க, அங்கயும் சொல்லுங்க. ரிமாண்ட் ஆர்டர் வந்தப்புறம் இருக்கிற நாளெல்லாம் கோர்ட் உத்தரவுல இருக்கிற காவலாயிடும், அதுக்கு நஷ்டஈடு வாங்குறது வேற மலை, அதனால ரிமாண்டுக்கு முன்னாடி இருக்கிற நேரத்த கெட்டியா பிடிச்சுக்கணும்.

கேஸ் போடாம விடுறாங்கன்னா ஒரு வெள்ளப் பேப்பர் நீட்டுவாங்க. ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதணும், "நல்ல முறையில் விசாரித்து அனுப்பினார்கள், எனக்கு யார் மீதும் புகார் இல்லை". அந்த நேரத்துல போடமாட்டேன்னு யாராலயும் சொல்ல முடியாது, நானா இருந்தாலும் போட்டுருவேன். ஆனா கையெழுத்துக்குக் கீழ தேதியும் நேரமும் உங்க கையால எழுதிருங்க, வெளிய வந்த அன்னிக்கே எஸ்.பிக்கு ஒரு மெயில், மிரட்டி எழுதி வாங்கினாங்கன்னு. அடி விழுந்திருந்தா நேரா ஜி.எச், பிரைவேட் கிளினிக் வேண்டாம், ஜி.எச்ல "போலீஸ் அடிச்சாங்க"ன்னு சொல்லி ஏ.ஆர்ல (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், காயத்த பதியுற புத்தகம்) எழுத வச்சு காப்பி வாங்குங்க. "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லிட்டா அதோட போச்சு.

அப்புறம் சிசிடிவி. 2020 டிசம்பர் 2ல பரம்வீர் சிங் சைனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், வாசல், வராண்டா, லாக்கப், இன்ஸ்பெக்டர் ரூம் எல்லாம் தெரியணும், சத்தமும் பதிவாகணும், 18 மாசம் வச்சிருக்கணும்னு சொல்லிருக்கு. இருக்குமான்னு கேட்டா, சாத்தான்குளத்துல 2020 ஜூன்ல விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன பாத்தார்னா, ஹார்ட் டிஸ்க்ல இடம் நெறைய இருந்தும் அன்னன்னிக்கு அழிஞ்சு போற மாதிரி செட்டிங் வச்சிருந்தாங்க. அதனால காத்திருக்கக் கூடாது. வெளிய வந்த வாரத்துக்குள்ள ரெண்டு காகிதம் போகணும், ஒண்ணு எஸ்.பிக்கு "இந்தத் தேதி இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்"னு, இன்னொண்ணு ஆர்.டி.ஐ, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அதே பதிவும் ஜெனரல் டைரியில (ஸ்டேஷன்ல நடக்கறத அன்னன்னிக்கு எழுதுற புத்தகம்) அந்த நாள் பக்கத்தோட நகலும் கேட்டு. தர மாட்டாங்க, முக்கால்வாசி "விசாரணை பாதிக்கும்"னு பதில் வரும். பரவால்ல, நீங்க கேட்டீங்க, அதுக்கப்புறம் அழிச்சாங்கன்னா கோர்ட் அத வேற மாதிரி பாக்கும். எதிர்ல இருக்கிற மெடிக்கல் ஷாப், பேங்க், நகைக்கடை கேமராவையும் விடாதீங்க, அதெல்லாம் ரெண்டு மூணு வாரத்துல மேல மேல பதிஞ்சு அழிஞ்சிரும், கடைக்காரர்கிட்ட கெஞ்சியாவது போன்ல எடுத்துக்கோங்க.

சரி, எங்க போயி கேக்குறது.

சட்டப் புத்தகத்துல "காரணமில்லாமல் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு"ன்னே ஒரு செக்‌ஷன் இருக்கு, பி.என்.எஸ்.எஸ் 399, பழைய 358. தொகை எவ்ளோ தெரியுமா, அதிகபட்சம் 1,000 ரூபா. 2005க்கு முன்னாடி 100 ரூபாயா இருந்தது. அதுவும் போலீஸ் தர்றது இல்ல, உங்கள பிடிக்க வச்ச புகார்தாரர் தரணும். இதுல நேரத்த வீணடிக்காதீங்க. இன்னொரு கூத்து, 1979ல இந்தியா சர்வதேச உரிமை ஒப்பந்தத்துல சேரும்போது, சட்டவிரோதமா கைதானவனுக்கு நஷ்டஈடு உண்டுங்கிற ஷரத்துக்கு "எங்க சட்டத்துல அப்படி ஒரு உரிமை இல்ல"ன்னு விலக்கு எழுதிட்டுத்தான் சேந்துச்சு. ஆக, இன்னிக்கு இருக்கிற உரிமைய கோர்ட்டுங்கதான் ஒவ்வொரு கேஸா கட்டினாங்க. பீகார்ல ருதுல் சான்னு ஒருத்தர், 1968லயே விடுதலையானவர 14 வருஷம் ஜெயில்லயே மறந்துட்டாங்க, 1983ல சுப்ரீம் கோர்ட் ஏற்கனவே கொடுத்த 5,000 போக இன்னும் 30,000 கொடுக்கச் சொன்னதுதான் ஆரம்பம். 1985ல காஷ்மீர் எம்.எல்.ஏ பீம் சிங், சட்டசபைக்குப் போகவிடாம பிடிச்சு வச்சதுக்கு 50,000. 1993ல ஒடிசாவுல நீலாபதி பெஹேரான்னு ஒரு அம்மா, லாக்கப்ல இருந்த மகன் மறுநாள் ரயில் தண்டவாளத்துல பிணமா கிடந்தான், அந்தம்மா எழுதின லெட்டரையே கோர்ட் மனுவா எடுத்து ஒன்றரை லட்சம் கொடுக்க வச்சு, அடிப்படை உரிமைய மீறினா "அரசாங்கத்த கேள்வி கேக்க முடியாது"ங்கிற பழைய சாக்கு செல்லாதுன்னு எழுதிருச்சு. இன்னிக்கு யார் நஷ்டஈடு கேட்டாலும் அந்தம்மா போட்ட ரோட்டுலதான் போறோம்.

நடைமுறையில மூணு கதவு இருக்கு.

முதல் கதவு மாநில மனித உரிமை ஆணையம், சென்னையில. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் சரியா வரும்னு நான் நினைக்கிறேன். ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் கிடையாது, தமிழ்லயே எழுதலாம், போஸ்ட்லயும் அனுப்பலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும், அதத் தாண்டினா விசாரிக்கவே மாட்டாங்க, மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துல 36(2)னு ஒரு பிரிவு. மாநில ஆணையத்துல போட்டுட்டு அதே விஷயத்த டெல்லி ஆணையத்துல ஓட்டவும் முடியாது, ஒண்ணுதான். மனுவுல அழுகாச்சி எல்லாம் வேண்டாம், நேரம் எழுதுங்க. எங்க மனுவுல முக்கியமான பாரா இப்படி இருந்தது, நானே அடிச்சது:

"12.03.2023 அன்று இரவு சுமார் 9.10 மணிக்கு 1, 2ஆம் எதிர்மனுதாரர்கள் சீருடையின்றி எனது வீட்டிற்கு வந்து என்னை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் சென்றனர். அழைப்பாணையோ கைதுக்கான காரணமோ எழுத்துப்பூர்வமாகத் தரப்படவில்லை. எனது குடும்பத்தாருக்குத் தகவல் தரப்படவில்லை. 14.03.2023 அன்று காலை சுமார் 11 மணிக்கு விடுவிக்கப்படும் வரை, ஏறத்தாழ 38 மணி நேரம், நீதித்துறை நடுவர் முன் ஆஜர்படுத்தப்படாமல் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டேன்."

அவ்ளோதான். இதுக்குக் கீழ ஒவ்வொரு நேரத்துக்கும் என்ன ஆதாரம்னு ஒரு பட்டியல், எவ்ளோ கேக்குறோம்னு ஒரு வரி. ரெண்டு நாள் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, வேலை போனா அதனால வந்த நஷ்டம் எல்லாத்தையும் ரசீதோட போடுங்க, அதோட அவமானம், மனஉளைச்சலுக்குன்னு தனியா ஒரு தொகை. எதிர்மனுதாரர் பேர் தெரியலன்னா "இரவுப் பணியில் இருந்த உதவி ஆய்வாளர்"னு எழுதலாம்.

அப்புறம் வாய்தா வாய்தான்னு போகும். ஆணையத்துக்காக விசாரிக்க வர்றவங்களும் போலீஸ்காரங்கதான்னு தெரியும்போது மனசு விட்டுப் போகும், பரவால்ல, நீங்க சொன்னதையே மாத்தாம சொல்லுங்க. உங்கள கூண்டுல ஏத்தி எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவார், தம்பிய "நீ பணத்த எடுத்தியா இல்லையா"ன்னே அரை மணி நேரம் கேட்டாங்க. பணம் எடுத்தானா இல்லையாங்கிறது இங்க கேள்வியே இல்ல, எடுத்திருந்தாலும் 38 மணி நேரம் வைக்க உரிமை கிடையாது, அத எங்க வக்கீல் எழுந்து சொன்னதும்தான் நின்னுச்சு. ஆணையம் தர்றது "பரிந்துரை"தானே, அத அரசாங்கம் மதிக்கணுமான்னு முன்னாடி ஒரு சந்தேகம் இருந்தது. 2021 பிப்ரவரியில சென்னை ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் அப்துல் சத்தார் கேஸ்ல, ஆணையத்தோட பரிந்துரை அரசாங்கத்தக் கட்டுப்படுத்தும், பிடிக்கலன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும், கொடுத்த பணத்த தப்பு பண்ணின அதிகாரிகிட்டேர்ந்து அரசாங்கம் வசூல் பண்ணலாம்னு சொல்லிருச்சு. மனுவோட அந்தத் தீர்ப்புப் பேரையும் எழுதி வைங்க.

ரெண்டாவது கதவு ஹைகோர்ட் ரிட், அதாவது அரசாங்கம் உரிமைய மீறினா நேரா ஹைகோர்ட்ல போடற மனு, அரசியலமைப்பு ஆர்ட்டிகிள் 226. பெரிய தொகை இங்கதான் வரும். ஆனா உண்மை பளிச்னு இருக்கணும், அதாவது அவங்க பேப்பரே அவங்களக் காட்டிக் கொடுக்கணும். "நான் பிடிக்கவே இல்ல"ன்னு போலீஸும் "பிடிச்சாங்க"ன்னு நீங்களும் சொல்ற மாதிரி இருந்தா, சாட்சி விசாரிக்க இது இடம் இல்ல, சிவில் கோர்ட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்க. நல்ல உதாரணம் டெல்லியில 2023ல வந்தது, ஒருத்தர எஃப்.ஐ.ஆர் கூட இல்லாம லாக்கப்ல அரை மணி நேரம் வச்சுட்டு விட்டாங்க, அரை மணி நேரம்தான், ஹைகோர்ட் 50,000 ரூபா கொடுக்கச் சொல்லி, ரெண்டு எஸ்.ஐ சம்பளத்துலேர்ந்து பிடிக்கச் சொல்லிருச்சு. நேரம் கம்மின்னு யாரும் சும்மா இருக்க வேண்டாம்னு நான் இத எல்லார்கிட்டயும் சொல்றது. காவல்ல உயிரே போன கேஸ்ல கணக்கு வேற, 2025ல மடப்புரம் கோயில் காவலாளி கேஸ்ல அரசாங்கம் முதல்ல கொடுத்த ஏழரை லட்சம் போக இடைக்கால நஷ்டஈடா இன்னும் 25 லட்சம் கொடுக்கச் சொன்னது மதுரைக் கிளை.

மூணாவது சிவில் சூட். இதுலயும் ஒரு வருஷம்தான், உள்ளேர்ந்து வெளிய வந்த நாள்லேர்ந்து. பொய் கேஸ் நடத்தி அலைக்கழிச்சதுக்குன்னா விடுதலையான நாள்லேர்ந்து ஒரு வருஷம். அரசாங்கத்து மேல போடறதால முதல்ல செக்‌ஷன் 80 (சிவில் நடைமுறைச் சட்டம்) நோட்டீஸ் கொடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும், அந்த ரெண்டு மாசம் ஒரு வருஷக் கெடுக் கணக்குல சேராது. தமிழ்நாட்டுல கேக்குற தொகையில 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ் கட்டணும், 10 லட்சம் கேட்டா 30,000, அதனால கோபத்துல கோடி கேக்காதீங்க. ரிட்ல வாங்கினாலும் சிவில்ல கேக்கத் தடை இல்ல, வாங்கினத கழிச்சுக்குவாங்க.

ஒரு தப்பான எண்ணம் நெறைய பேருக்கு இருக்கு, விடுதலையானா தானா நஷ்டஈடு வரும்னு. வராது. அக்‌ஷர்தாம் (குஜராத் கோயில் தாக்குதல்) கேஸ்ல பத்து வருஷத்துக்கு மேல உள்ள இருந்து 2014ல சுப்ரீம் கோர்ட்டே நிரபராதின்னு விட்டவங்க நஷ்டஈடு கேட்டப்ப 2016ல அதே கோர்ட் கொடுக்க மறுத்துருச்சு. இதுக்குன்னு தனிச் சட்டம் வேணும்னு 2018ல சட்ட கமிஷன் 277ஆவது ரிப்போர்ட்ல எழுதுச்சு, ரிப்போர்ட் ரிப்போர்ட்டாவே இருக்கு. இன்னொரு பக்கம் நம்ம நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன், 1994 நவம்பர்ல கேரளா போலீஸ் பிடிச்சது, சி.பி.ஐ பொய் கேஸ்னு எழுதினது 1996ல, சுப்ரீம் கோர்ட் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது 2018ல, அதுக்கப்புறம் கேரள அரசு சமரசமா 1.3 கோடி கொடுத்துச்சு. கைதே தேவையில்லாததுன்னு காட்ட முடிஞ்சதுதான் வித்தியாசம், ஆனா அந்த 24 வருஷத்தயும் எண்ணிப் பாத்துக்கோங்க.

மனு போட்டதும் என்னாகும்னு சொல்லிடறேன், யாரும் சொல்ல மாட்டாங்க. சம்மன் போன வாரமே தெரிஞ்ச ஒருத்தர் மூலமா பேச்சு வரும், "அவரும் புள்ளகுட்டிக்காரர், புரமோஷன் நேரம்"னு. எங்க வீட்டுக்கு ஒரு ஏட்டய்யா நேராவே வந்து காபி குடிச்சுட்டு, "தம்பிக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் எல்லாம் வரும்ல"ன்னு சிரிச்சுட்டே சொல்லிட்டுப் போனார். அந்தத் தேதி, நேரம், வார்த்தையயும் எழுதி ஆணையத்துக்கே இன்னொரு மனுவா அனுப்பினோம், அதுக்கப்புறம் யாரும் காபிக்கு வரல. வாபஸ் வாங்குறது உங்க இஷ்டம், நான் குறை சொல்ல மாட்டேன், அதே ஊர்ல வாழணும். ஆனா வாங்குறதா இருந்தா கையில எதாவது எழுத்து வந்தப்புறம் வாங்குங்க.

ஆர்டர் வந்தாலும் பணம் உடனே வராது. ஆர்டர் காப்பிய உள்துறைச் செயலாளருக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும், மூணு மாசம் பாத்துட்டு ஃபைல் எங்க இருக்குன்னு ஆர்.டி.ஐ, அதுக்கும் அசையலன்னா "ஆர்டர அமல்படுத்து"ன்னு ஹைகோர்ட்ல ஒரு ரிட், அந்த நோட்டீஸ் போனதுமே முக்கால்வாசி ஃபைல் நகந்துரும். எங்களுக்கு ரெண்டரை வருஷத்துல ஆர்டர், அதுக்கப்புறம் ஆர்.டி.ஐ போட்டு ஏழு மாசம். கடைசியில ஒருநாள் போன் பண்ணி ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக் முதல் பக்கமும் ரெண்டு செட் கேட்டாங்க, தம்பி என் கடைக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துட்டு நாலு ரூபாயும் கொடுத்துட்டுப் போனான்.